மாத்திரைக் கணக்கு சரி, கிருமிக் கணக்கு சரியில்லை

முதல் பிரசவம். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தொடங்கி 21 வாரம் ஆகியிருந்தது. 34-ஆவது வாரத்தில் எடுத்த ரத்தத்தில் வைரல் லோடு 4,800, அதாவது ஒரு மில்லி ரத்தத்தில் 4,800 வைரஸ் பிரதிகள். இப்போது தரப்படும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால், பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்திலேயே இது பரிசோதனையில் தென்படாத அளவுக்கு இறங்கிவிடும். கர்ப்பிணிக்கு 32 முதல் 36 வாரத்துக்குள் எடுக்கும் இந்தப் பரிசோதனையில் 1,000-ஐத் தாண்டினால் பிறக்கப்போகும் குழந்தை 'அதிக ஆபத்து' வகையில் சேர்ந்துவிடும். அவருடைய மாத்திரைச் சீசாவைக் கவிழ்த்து எண்ணிப் பார்த்தோம். மாத்திரைக் கணக்கில் ஒன்றுகூடப் பிசகவில்லை.

எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி ஒருவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியே சொல்லக் கூடாது. அதனால் இதில் வரும் பெயரும், அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களும் மாற்றப்பட்டவை. அவரைச் சரண்யா என்று வைத்துக்கொள்வோம். மருத்துவ விவரங்களை மாற்றவில்லை.

சரண்யாவுக்கு 24 வயது. பிறந்த ஊர் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே ஒரு கிராமம். கணவரும் இந்தப் பக்கம்தான். கல்யாணமானதும் இருவரும் திருப்பூர் போய்விட்டார்கள். அவர் சாயப்பட்டறையில், இவர் பனியன் கம்பெனியில். டெல்டாவில் இது புதிதல்ல. மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்தால்கூட நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்க வேலை கிடைப்பதில்லை.

மூன்றாம் மாதத்தில் திருப்பூரிலேயே கர்ப்பப் பதிவு செய்தபோது, எல்லாருக்கும் எடுப்பதுபோல் எச்.ஐ.வி. பரிசோதனையும் எடுத்தார்கள். முதல் பரிசோதனையில் சந்தேகம் வந்ததும் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பி, மூன்று வகைப் பரிசோதனையில் உறுதி செய்தார்கள். அடுத்த நாள் கணவருக்கும் எடுத்தார்கள். அவருக்கும் பாசிட்டிவ். அதுவரை அவருக்கும் தெரியாது. யாரிடமிருந்து யாருக்கு என்ற சண்டை சில நாள் நடந்திருக்கிறது. எப்படியோ அது முற்றாமல் நின்றது, அந்த ஊர் ஆலோசகருக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை 412. ஒரு காலத்தில் இவ்வளவு இருந்தால் அந்தப் பெண்ணுக்கு மருந்து தொடங்க மாட்டார்கள், குழந்தைக்குத் தொற்றாமலிருக்கப் பிரசவ வலியின்போது ஒரு வேளை நெவிரபின் மருந்து கொடுப்பதோடு சரி. 2014-லிருந்து சிடி4 எவ்வளவு இருந்தாலும் கர்ப்பிணிக்கு உடனே வாழ்நாள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று ஆனது. சரண்யாவுக்கு 13-ஆவது வாரத்தில் டி.எல்.டி. தொடங்கினார்கள். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரை, ஒரு நாளைக்கு ஒன்று. ராத்திரி ஒன்பது மணி, சாப்பாடு முடிந்த கையோடு, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போட்டுக்கொள்வார்கள். போனில் அலாரம் உண்டு.

எந்த சிகிச்சையும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு, தாய்ப்பால் வழியாகப் போவதையும் சேர்த்து, 100-க்கு 15 முதல் 45 வரை. மருந்து ஒழுங்காக உள்ளே போனால் 5-க்கும் கீழே வந்துவிடும். வைரஸ் தென்படாத அளவில் இருந்தால் அதைவிடவும் மிகக் குறைவு. சரண்யாவுக்கு இது நன்றாகத் தெரியும். கேட்டால் நமக்கே பாடம் எடுப்பார். அதனால்தான் 4,800 என்ற எண் யாருக்கும் புரியவில்லை.

ஏழாம் மாதம், ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் வளைகாப்பு. அன்றே தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், அதில் பேச்சே கிடையாது. சிகிச்சை திருப்பூரில் பதிவாகியிருந்தது. ஊர் மாறும்போது, சிகிச்சை விவரம் எழுதியிருக்கும் பச்சைப் புத்தகத்தோடு பக்கத்து மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது தற்காலிகமாக இங்கே மருந்து வாங்கலாம். சரண்யா இரண்டையும் செய்யவில்லை. கணவர் மாதாமாதம் தன் மருந்து வாங்கப் போகும்போது இவருடையதையும் சேர்த்து வாங்கி, ஊருக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்தார். உள்ளூர் மருத்துவமனை வாசலில் யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவார்களோ என்ற பயம். நியாயமான பயம்தான். எங்கள் மையத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தங்கள் ஊர் பஸ்ஸில் ஏறாமல் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் விளைவு என்னவென்றால், மாத்திரை ஊர் வந்து சேர்ந்தது, அதைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை. கிராம சுகாதாரச் செவிலியரிடம் தாய் சேய் அட்டையைக் காட்டினார், பச்சைப் புத்தகத்தைக் காட்டவில்லை. அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார்: இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, ரத்த அழுத்தம், எடை.

34-ஆவது வாரத்தில் திருப்பூர் ஆலோசகர் எங்களுக்கு போன் செய்து, வைரல் லோடுக்கு ரத்தம் மட்டும் எடுத்துவிடச் சொன்னார். எடுத்தோம். பத்து நாள் கழித்து ரிசல்ட் வந்ததும் சரண்யாவை வரச் சொன்னோம்.

இப்படி ஒரு எண் வந்தால் எந்த மையத்திலும் முதலில் வரும் வார்த்தை "மாத்திரை போடலையா?" என்பதுதான். டாக்டரும் அதைத்தான் கேட்டார். சரண்யா அழ ஆரம்பித்துவிட்டார். "தெனமும் போடுறேங்க சார், ஒரு நாள்கூட விடலைங்க." யாரும் நம்பவில்லை. கொடுத்த மாத்திரையிலிருந்து மிச்சத்தைக் கழித்து, நாட்களால் வகுத்து, 95 சதவீதத்துக்கு மேல் வந்தால் நல்லது என்று எழுதுவோம். இவருக்கு 100. ஆனால் வருவதற்கு முந்தின நாள் மிச்ச மாத்திரையை வாய்க்காலில் கொட்டிவிட்டு வருகிறவர்களும் உண்டு. அதனால் எங்களுக்கு 100-ஐப் பார்த்தால் சந்தேகம் குறைவதில்லை, கூடுகிறது.

என்னைக் கேட்டால், "போட்டீங்களா" என்பது கேள்வியே இல்லை. அதற்கு ஒரே பதில்தான் வரும். கூட வந்திருந்த அம்மா டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், நேற்று மாத்திரை போட்டதை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். எங்கே உட்கார்ந்து, எதிலிருந்து எடுத்து, என்ன குடித்து, பக்கத்தில் யார் இருந்து.

"ராத்திரி போட முடியலக்கா. எல்லாரும் கூடத்துலதான் படுப்போம். ஒம்பது மணிக்கு அப்பா, தம்பி எல்லாம் டிவி பாத்துக்கிட்டு இருப்பாங்க. அதான் காலையில மாத்திக்கிட்டேன்."

காலையில் என்றால் ஐந்து மணி. சம்பா நடவு நேரம். அம்மா நடவு வேலைக்குப் போகிறவர், ஐந்தரைக்கு வண்டி வந்துவிடும். வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, தூக்கில் சோறு எடுத்து வைத்துவிட்டு, மகளை எழுப்புவார். எவர்சில்வர் டப்பா மூடியில் மூன்று மாத்திரைகள் இருக்கும், ஒரு சிவப்பு, இரண்டு வெள்ளை. சிவப்பு இரும்பு. வெள்ளையில் ஒன்று கால்சியம், இன்னொன்று டி.எல்.டி. சீசாவின் லேபிளைச் சரண்யா திருப்பூரிலேயே உரித்துவிட்டார், குலுங்கிச் சத்தம் வராமலிருக்கப் பஞ்சு அடைத்திருந்தார். அம்மாவிடம் "திருப்பூர் டாக்டரம்மா எழுதிக் குடுத்த சத்து மாத்திரை" என்று சொல்லியிருந்தார். சத்து மாத்திரை என்றால் பேத்தியோ பேரனோ நல்லபடி பிறக்க வேண்டிய விஷயம். அதன் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டார். இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் நன்றாகச் சேரும் என்று யாரோ சொன்னது அவர் மனசில் நின்றுவிட்டது. அதனால் மூன்றும் ஒன்றாக, வெறும் வயிற்றில், ஒரு செம்புத் தண்ணீரோடு.

"முழுங்குற வரைக்கும் எதிர்ல நிப்பாங்கக்கா. வாயத் தொறந்து காட்டச் சொல்லுவாங்க."

எங்கள் மையத்திலேயே இவ்வளவு கண்காணிப்போடு மருந்து சாப்பிட்டவர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்.

கோளாறு அந்த மூடியில்தான் இருந்தது. எச்.ஐ.வி. தன் மரபுப்பொருளை நம் செல்லுக்குள் ஒட்டவைக்க இன்டெகிரேஸ் என்ற நொதியைப் பயன்படுத்துகிறது. அந்த நொதியின் மையத்தில் மக்னீசியம் அயனிகள் இருக்கின்றன. டோலுடெக்ராவிர் அந்த மக்னீசியத்தைக் கவ்விப் பிடித்துத்தான் நொதியை முடக்குகிறது. உலோகத்தைக் கவ்வும் அதே குணம் வயிற்றுக்குள்ளும் வேலை செய்யும். இரும்போ கால்சியமோ கூடவே போனால் அதைப் பிடித்துக்கொண்டு, ரத்தத்தில் சேராமல் வெளியே போய்விடும். வெறும் வயிற்றில் இரும்போடு சேர்த்துப் போட்டால் ரத்தத்தில் சேரும் டோலுடெக்ராவிர் பாதிக்கும் மேல் குறைகிறது. கால்சியத்தோடு என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வயிறு நிறையச் சாப்பாட்டோடு போட்டால் இந்தக் குறைவு கிட்டத்தட்ட இல்லை. இல்லாவிட்டால் இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ டி.எல்.டி. போட வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்திலும் அலுமினியம், மக்னீசியம் உண்டு, அது இன்னும் மோசம். சரண்யா அதையும் சில நாள் காலையிலேயே ஒரு மூடி குடித்திருக்கிறார். போதாததற்கு, கால்சியத்தோடு சேர்ந்தால் இரும்பும் சரியாகச் சேராது. மூன்று மாத்திரையும் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டிருந்தன.

அப்புறம் வாந்தி. வெறும் வயிற்றில் இரும்பு மாத்திரை போட்டால் பலருக்கும் குமட்டும். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ, அம்மா வண்டி ஏறின கொஞ்ச நேரத்தில் கொல்லையில் போய் எல்லாவற்றையும் எடுத்துவிடுவாராம். போட்ட உடனேயே வாந்தி வந்தால் மறுபடி ஒன்று போட வேண்டும் என்பது தெரியும். ஆனால் போட்டால் மாதக் கடைசியில் ஒன்றிரண்டு குறையும், எண்ணும்போது கேள்வி வரும் என்று போடவில்லை. மாத்திரைக் கணக்கு 100 சதவீதம் வந்த ரகசியம் இதுதான். எங்களுக்காகக் கணக்கைக் காப்பாற்றியிருக்கிறார்.

4,800-இல் இரும்பின் பங்கு எவ்வளவு, வாந்தியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் இருந்தன, அவ்வளவுதான். டோலுடெக்ராவிருக்கு எதிராக வைரஸ் அவ்வளவு சுலபமாக எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளாது என்பதால் டாக்டர் மருந்தை மாற்றவில்லை, போடும் முறையை மட்டும் மாற்றலாம் என்றார்.

இதை ஏன் முன்பே யாரும் கேட்கவில்லை? என் அனுமானம் இது. 2020-க்குப் பிறகுதான் டி.எல்.டி. இங்கே பரவலாக வந்தது. அதற்கு முன் கொடுத்தது எஃபாவிரன்ஸ் உள்ள மாத்திரை. தலைசுற்றும், கெட்ட கனவு வரும், அதனால் படுக்கப்போகும்போது போடச் சொல்வோம். இரும்போடு அதற்குத் தகராறு இல்லை. ஆலோசனையில் பேசும் பேச்சு அந்த மாத்திரைக்குப் பழகிய பேச்சு. மாத்திரை மாறியது, நல்ல மாத்திரை, பக்கவிளைவும் குறைவு. பேச்சு முழுசாக மாறவில்லை. அதிலும் கர்ப்பிணிதான் தினமும் இரும்பும் கால்சியமும் சாப்பிடுகிறவர். மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டியில் இரும்பு டானிக்கும் வந்துவிடுகிறது.

அடுத்த கேள்வி, அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா. கூட வேலை செய்யும் ஒருவர், "அம்மாகிட்ட சொல்லிட்டா எல்லாம் சரியாயிடும்" என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது சரண்யா எடுக்க வேண்டிய முடிவு. தவிர, மாத்திரை நேரத்தை மாற்ற நோயின் பெயர் தேவையே இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதினேன்: காலைச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம். 11 மணிக்குச் சிவப்பு மாத்திரை. மதியச் சாப்பாட்டோடு இன்னொரு கால்சியம். ராத்திரி சாப்பிட்டதும் சீசா மாத்திரை, தனியாக. நெஞ்செரிச்சல் மருந்து டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். கீழே ஆஸ்பத்திரி முத்திரை குத்தினேன். டீ குடித்துவிட்டு வந்த அம்மாவிடம், "மாத்திரை நேரத்த டாக்டர் மாத்தியிருக்காரும்மா, ஒண்ணா போட்டா ஒண்ணு இன்னொண்ண ஒடம்புல சேர விடாது" என்று சொன்னேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அம்மா தாளை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். "நான் வயல்லேருந்து வர மூணு மணி ஆவுங்களே, மத்தியானத்துக்கு யாரு பாப்பா?" என்பது மட்டும்தான் அவர் கவலை. தம்பியிடம் ஒப்படைப்பது என்று முடிவானது. வாந்தி எடுத்தால் மறுபடி போட்டுக்கொள்ள, கணக்கில் சேராத நாலைந்து மாத்திரைகள் தனியாகக் கொடுத்தோம். சரண்யா முகம் தெளிந்தது அப்போதுதான்.

38-ஆவது வாரத்தில் டாக்டர் மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். அதன் ரிசல்ட் வருவதற்குள் வலி வந்துவிட்டது. கார்த்திகை அடைமழை, ரோட்டில் தண்ணீர், 108 வந்து சேரக் கொஞ்சம் தாமதம். அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம், பெண் குழந்தை, 2.7 கிலோ. எச்.ஐ.வி. என்பதற்காக மட்டும் ஆபரேஷன் செய்வதில்லை, வேறு காரணம் இருந்தால்தான். வார்டில் அவர் கேஸ் ஷீட்டின் மேல் யாரோ நோயின் பெயரைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். சட்டத்தை எடுத்துச் சொன்ன பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். இன்னும் இது நடக்கிறது.

கையில் இருந்த கடைசி எண் 4,800 என்பதால் குழந்தையை அதிக ஆபத்து வகையிலேயே வைத்து, நெவிரபின், ஜிடோவுடின் இரண்டு சிரப்பும் பிறந்த உடனே தொடங்கினார்கள். ஆபத்து குறைவு என்றால் நெவிரபின் மட்டும் ஆறு வாரம். இங்கே இரண்டும், தாய்ப்பால் கொடுப்பதால் 12 வாரம். சரண்யா தாய்ப்பால்தான் கொடுப்பேன் என்று முன்பே முடிவு செய்திருந்தார். கொடுக்கலாம், ஆனால் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். புட்டிப்பால், சர்க்கரைத் தண்ணீர் என்று கலந்து கொடுத்தால் பிஞ்சுக் குடலின் உட்சுவர் புண்பட்டு வைரஸ் நுழைய வழியாகிவிடும். ஊரில் இது லேசான காரியமில்லை. பிறந்ததும் சேனை தொட்டு வைக்க வேண்டும், அப்புறம் வசம்பும் ஜாதிக்காயும் உரசி உரை மருந்து ஊற்ற வேண்டும். பெரியம்மா சங்கும் சர்க்கரைத் தண்ணீருமாக வார்டுக்கே வந்துவிட்டார். சரண்யா வேண்டாம் என்றார். பெரியம்மா கோபித்துக்கொண்டார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறந்த குழந்தைக்கு எதற்கு இரண்டு மருந்து என்ற கேள்வி வேறு.

அன்று ராத்திரி சரண்யாவே அம்மாவிடம் சொல்லிவிட்டார். கணவரும் பக்கத்தில் இருந்திருக்கிறார். மறுநாள் அம்மா என்னைத் தேடி வந்தார். கண் வீங்கியிருந்தது. ஆனால் கேட்டதெல்லாம் வேலைக்கு ஆகும் கேள்விகள். ஒரே தட்டில் சாப்பிடலாமா, குழந்தையை யார் குளிப்பாட்டலாம், மருமகன் மாத்திரை போடுகிறாரா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கிளம்பும்போது, "அந்தச் சீசாவுல இருந்த காயிதத்த எதுக்குங்க உரிச்சிது? எனக்கென்ன படிக்கவா தெரியும்?" என்றார்.

அதற்கப்புறம் பெரியம்மாவைச் சமாளித்தது அம்மாதான். "ஆறு மாசத்துக்குப் பச்சத் தண்ணிகூட ஆவாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு, நீ சங்க எடுத்து உள்ள வை." சிரப் அளவுக்குச் சிரிஞ்சில் மையால் கோடு போட்டுக் கொடுத்தோம், நெவிரபினுக்கு நீலம், ஜிடோவுடினுக்குப் பச்சை. அம்மா கோட்டைப் பார்த்தே கொடுத்தார். 38-ஆவது வாரத்து ரிசல்ட் குழந்தை பிறந்த மறு வாரம் வந்தது: 310. அதை நம்பி இரண்டாவது சிரப்பை நிறுத்தவில்லை. 12 வாரமும் ஓடட்டும் என்றார் டாக்டர்.

தாயின் எதிர்ப்பொருள் குழந்தை ரத்தத்தில் மாதக்கணக்கில் இருக்கும் என்பதால், வழக்கமான பரிசோதனை 18 மாதம் வரை குழந்தைக்குப் பயன்படாது. அதனால் குதிகாலில் குத்தி, வடிகட்டித் தாளில் ரத்தப் பொட்டு வைத்துக் காயவிட்டு அனுப்பி, அதில் வைரஸையே தேடுவார்கள். ஆறாவது வாரம் பொங்கல் விடுமுறையில் விழுந்தது. விடுமுறை முடிந்த முதல் நாளே வந்துவிட்டார்கள், வைரஸ் இல்லை. அன்றிலிருந்து, வேறு தொற்றுகள் வராமல் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் சிரப்பும் சேர்ந்தது. ஐந்தாம் மாதம் திருப்பூர் திரும்பினார்கள், இந்த முறை பச்சைப் புத்தகத்தில் முறையாக எழுதி, அங்கே போன் செய்து சொல்லி அனுப்பினோம். ஆறாம் மாதமும் 12-ஆம் மாதமும் எடுத்ததில் வைரஸ் இல்லை. ஒரு வயதில் தாய்ப்பால் நிறுத்தி, 18-ஆம் மாதம் மூன்று பரிசோதனையும் எடுத்தார்கள், நெகட்டிவ். சரண்யாவின் வைரல் லோடு அதற்கு வெகு முன்பே தென்படாத அளவுக்குப் போயிருந்தது.

மாத்திரை நேரம் எழுதிக் கொடுத்த அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பும்படி திருப்பூர் ஆலோசகர் கேட்டார். அனுப்பினேன், ஆனால் எல்லார் வீட்டுக்கும் அது ஒத்து வராது என்றும் சொன்னேன். சரண்யா ஏழாம் மாதத்திலிருந்து வீட்டில் இருந்தவர், மூன்று வேளை நேரத்துக்குச் சாப்பிட்டவர். எட்டாம் மாதம் வரை நடவுக்கோ களை எடுக்கவோ போகும் பெண் காலை பத்து மணிக்கு வரப்பில் ஒரு வேளையும் ராத்திரி ஒரு வேளையும்தான் சாப்பிடுவார். அவரிடம் 11 மணி, 2 மணி என்று எழுதிக் கொடுத்துப் பயனில்லை. அப்படிப்பட்டவருக்கு இப்போது வேறு விதமாகச் சொல்கிறோம்: இரும்பு பகல் கஞ்சியோடு, கால்சியமும் டி.எல்.டி.யும் ராத்திரிச் சோறு வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு. சாப்பிடாத ராத்திரியில் டி.எல்.டி. மட்டும், கால்சியம் மறுநாள்.